டெலிகா 4 வீல் வான்: லிஃப்ட் பண்ணின பிறகு 90இலை உதறுது, புரொப்ஷாஃப்ட் பலன்ஸ் செய்தும் நிக்கேல்லை

சரே_வான்காரன்

வணக்கம் எல்லாருக்கும். நான் பிரிட்டிஷ் கொலம்பியாவிலை சரேயிலை இருக்கிறன், வச்சிருக்கிறது 1997 டெலிகா ஸ்பேஸ் கியர், 2.8 டீசல், ஓட்டோ கியர், யப்பானிலை இருந்து இறக்கினது. இஞ்சை 15 வருசம் தாண்டின வாகனம் எண்டால் இறக்கலாம் எண்டபடியால் இந்த வான் நிறையப் பேரிட்டை இருக்கு. பிள்ளையளோடை முகாம் அடிக்கப் போறது, கோடையிலை காட்டு மண் ரோட்டு, மாரியிலை ஹோப்பிலை இருந்து மெரிட் பக்கம் கொக்கஹல்லா ஏறுறது, இதுக்காகவே வேண்டினது, வீட்டிலை எல்லாருக்கும் உயிர் இந்த வான்.

பிரச்சினை என்னெண்டால் ஒரு கராஜிலை 2 இஞ்சி உயர்த்தித் தந்தவை. முன்னுக்கு டோர்ஷன் பாரை (ஸ்பிரிங்குக்குப் பதிலா முறுக்கு வாங்குற கம்பி) முறுக்கினவை, பின்னுக்கு கொயில் ஸ்பிரிங்குக்கு மேலை ஸ்பேசர். அதுக்குப் பிறகு 80 கிலோமீற்றர் வேகம் தாண்டினால் தரையாலை ஒரு உதறல் தொடங்கும், 90இலை நல்லாக் கூடும், நடு சீற்றுக்குக் கீழைதான் கூட, ஸ்ரியரிங்கிலை ஒண்டும் தெரியாது. ஏத்தத்திலை நிப்பாட்டி எடுக்கேக்கை முதல் ரெண்டு மூண்டு மீற்றருக்கு வண்டி துள்ளித் துள்ளி எடுக்கும். டி கியரிலை இருந்து ஆர், அதாவது ரிவர்ஸுக்குப் போட்டால் பின்னுக்கு டொக் எண்டு ஒரு சத்தம்.

சில்லு பலன்ஸ் செய்தாச்சு. பின் புரொப்ஷாஃப்ட்டை (பின் ஆக்சிலுக்குச் சுத்தைக் கொண்டுபோற நீட்டுக் குழாய்) கழட்டி இன்னொரு இடத்திலை குடுத்து யூஜே (முனையிலை மடங்குற யூனிவர்சல் ஜொயின்ற்) ரெண்டும் புதுசு போட்டு ஷாஃப்ட்டையும் பலன்ஸ் பண்ணியாச்சு, காசு போனதுதான் மிச்சம், உதறல் அப்பிடியே, 90இலை கொஞ்சம் கூடின மாதிரியும் இருக்கு. இப்ப ட்ரான்ஸ்ஃபர் கேஸின்ரை (முன்னுக்கும் பின்னுக்கும் இழுவையைப் பிரிச்சுக் குடுக்கிற பெட்டி) பின் பக்கத்திலை எண்ணெய் கசியத் தொடங்கீட்டுது.

ஒருத்தர் சொல்லுறார் ஷாஃப்ட்டையே புதுசா மாத்து எண்டு, இன்னொருத்தர் சொல்லுறார் முன் ஷாஃப்ட்டைக் கழட்டிப்போட்டு 2எச்சிலையே (பின் சில்லு மட்டும் இழுக்கிறது) ஓடு எண்டு. எது சரி? இப்பிடியே ஓடினால் என்னென்ன தேயும்? தெரிஞ்சாக்கள் சொல்லுங்கோ.

கோவை_பேலன்சிங்

வணக்கம்ங்க. நான் கோயமுத்தூர்ல ப்ரொப்பல்லர் ஷாஃப்ட் வேலை, பேலன்சிங் தான் தொழிலே. டெலிகா என் கைக்கு வந்ததில்லைங்க, ஜீப்பு, டெம்போ, லாரின்னு தான் வரும், ஆனா ஷாஃப்ட்டுக்கு கணக்கு எங்கயும் ஒண்ணுதான். தயவு செஞ்சு இப்ப ஷாஃப்ட் வாங்காதீங்க. இதுவரைக்கும் செஞ்சது எல்லாமே என்ன வியாதின்னு பாக்காம மருந்து குடுத்ததுதான். முதல்ல எந்த ஷாஃப்ட்டு, அப்புறம் ஒரு சுத்துக்கு எத்தனை தடவை உதறுது, இந்த ரெண்டும் தெரியணும்ங்க, அது தெரியாம ஸ்பேனரை கையில எடுக்கவே கூடாது.

முதல் கேள்விக்கு பதில் வண்டிலயே இருக்கு. உங்களுது சூப்பர் செலக்ட் (மிட்சுபிஷியோட 4 வீல் சிஸ்டம்), 2எச்ல போட்டா முன் ஆக்சில்ல இருக்கிற ஃப்ரீவீல் கிளட்ச் விலகிடும், முன் ஷாஃப்ட்டு ஓட வேண்டிய வேலையே இல்ல. அதனால 2எச்லயும் 4எச்லயும் (நாலு வீலும் இழுக்கிறது) அதே 90ல ஓட்டிப் பாருங்க, ரெண்டுலயும் ஒரே மாதிரி உதறுச்சுன்னா முன் ஷாஃப்ட் மேல பழி போட வேண்டாம். 4எச்ல மட்டும் வந்தா முன்னாடி பாருங்க. அப்புறம் அதே 90ல ஓவர்டிரைவை ஆஃப் பண்ணி பாருங்க, எஞ்சின் ஆர்பிஎம் ஏறும், உதறலும் அதோட மாறுச்சுன்னா எஞ்சின், மவுண்ட்டிங் பக்கம். மாறாம ரோட்டு ஸ்பீடோடயே ஒட்டிக்கிட்டு நின்னா ஷாஃப்ட்டோ வீலோ தான்.

ரெண்டாவது கேள்விதான் முக்கியம்ங்க. டயர் 235/75 ஆர்15ன்னு வச்சுக்குங்க, ஒரு சுத்துக்கு கிட்டத்தட்ட 2.24 மீட்டர் போகும். 90 கிலோமீட்டர்னா நொடிக்கு 25 மீட்டர், அப்ப வீலு நொடிக்கு 11 சுத்து. டிஃப்ரன்ஷியல் ரேஷியோ 4.6ன்னு எடுத்துக்கிட்டா ஷாஃப்ட்டு நொடிக்கு 51 சுத்து, அதாவது நிமிசத்துக்கு 3000க்கு கொஞ்சம் மேல. (உங்க ரேஷியோ வண்டி பிளேட்ல நாலு இலக்கமா போட்டிருக்கும், அதை வச்சு திருத்திக்குங்க.) இப்ப போன்ல வைப்ரேஷன் பாக்குற ஆப் ஒண்ணு போட்டு நடு சீட்டுக்கு கீழ தரையில அசையாம வைங்க, பக்கத்துல யாராச்சும் உக்காந்து பாக்கட்டும், ஓட்டுறவங்க பாக்காதீங்க. 11 ஹெர்ட்ஸ்ல, அதாவது நொடிக்கு 11 தடவைன்னு மேடு காட்டுனா டயரு வீலு. 51ல காட்டுனா ஷாஃப்ட் பேலன்ஸ் இல்லன்னா ஷாஃப்ட் சென்டர் விலகியிருக்கு. 102ல காட்டுனா அது பேலன்சே இல்லைங்க, யூஜே ஆங்கிள். சில போன்ல சென்சார் அவ்வளவு வேகத்துக்கு பிடிக்காது, அப்ப மைக்ல சவுண்ட் ஸ்பெக்ட்ரம் பாத்தா 102 நல்லா தெரியும்.

ஏன் ரெண்டு மடங்குன்னா யூஜே நடுவுல பிளஸ் மாதிரி இருக்கிற கிராஸோட குணம் அது. ரெண்டு ஷாஃப்ட்டு நேர்கோட்டுல இல்லாம கோணத்துல நின்னா, உள்ள வர்ற சுத்து சமமா இருந்தாலும் வெளிய போற சுத்து ஒரு ரவுண்டுக்கு ரெண்டு தடவை வேகமும் ரெண்டு தடவை மெதுவும் ஆகும். 5 பாகைன்னா கூட குறைய 0.4 சதம் ஏற்ற இறக்கம், 10 பாகைன்னா 1.5 சதம். அளவு சின்னதா தெரியும், ஆனா நொடிக்கு நூறு தடவை பினியன் (ஷாஃப்ட்டு டிஃப்ரன்ஷியலுக்குள்ள ஓட்டுற சின்ன கியர்) பல்லை முன்னயும் பின்னயும் அடிக்குது பாருங்க. இன்னொரு பக்கம் இருக்கிற யூஜே அதே கோணத்துல எதிர்மாறா நின்னா ரெண்டும் கழிஞ்சு போயிரும், கம்பெனி அப்படித்தான் டிசைன் பண்ணியிருப்பாங்க. லிஃப்ட் போட்டா அந்த சமம் உடையும். நீங்க சொன்ன ஏத்தத்துல துள்ளுறதும் அதே ஜாதி மாதிரிதான் தெரியுது, லோடு இருக்கறப்ப தான் அது கிளம்பும்.

இன்னொண்ணு, நடுவுல ஸ்ப்ளைன் (பல்லு வெட்டி ஒண்ணுக்குள்ள ஒண்ணு சறுக்குற இணைப்பு) இருக்கிற ஷாஃப்ட்டா இருந்தா கழட்டி மாட்டினவங்க ஒரு பல்லு தள்ளி மாட்டியிருக்கலாம். ரெண்டு முனையிலயும் கிராஸை பிடிக்கிற கவட்டை, அதான் யோக்கு, ரெண்டும் ஒரே தளத்துல இருக்கணும். அதை கண்ணால பாத்தாலே தெரியும், இன்னைக்கே குனிஞ்சு பாருங்க.

கல்கரி_மதுரைக்காரன்

கோவை அண்ணன் சொன்னதுக்கு மேல ஒண்ணு மட்டும் சேக்கணும் ப்ரோ, ஏன்னா லிஃப்ட் போட்ட டெலிகா இங்க ஆல்பர்ட்டால நெறய பாத்திருக்கேன், எங்கிட்டயும் ஒண்ணு இருக்கு, எல்லாரும் முன் ஷாஃப்ட்டையும் பின் ஷாஃப்ட்டையும் ஒரே மாதிரி நெனச்சு கொழப்பிக்கிறாங்க.

இந்த வண்டில முன்னாடி டிஃப்ரன்ஷியல் பாடியோட போல்ட் பண்ணி நிக்குது, சஸ்பென்ஷனோட மேல கீழ போகாது. அதனால டோர்ஷன் பாரை எவ்வளவு முறுக்கி தூக்குனாலும் முன் ப்ரொப்ஷாஃப்ட்டோட கோணம் ஒரு துளி கூட மாறாது. மாறுறது டிஃபுல இருந்து வீலுக்கு போற ஹாஃப் ஷாஃப்ட், அதுல இருக்கிற சிவி ஜாயின்ட் (கோணத்துலயும் சமமா சுத்துற இணைப்பு). 2எச்ல ஓட்டினாலும் வீலோட சேந்து அது சுத்திக்கிட்டே தான் இருக்கும், இதுல வீல ஷாஃப்ட்டுல இருந்து விடுவிக்க கைல திருகுற ஹப் கிடையாது. கோணம் கூடினா உள்ளார சூடு, பூட் (ஜாயின்ட்ட மூடியிருக்கிற ரப்பர் உறை) மடிப்பு ஒண்ணோட ஒண்ணு ஒரசி கிழியும், கிழிஞ்சா ரோட்டுல போடுற உப்புத் தண்ணி உள்ள போய் ஒரு குளிர்காலத்துலயே கதைய முடிச்சிரும். மாசம் ஒருக்கா சக்கரத்த திருப்பி வச்சு பூட்ட பாத்துருங்க.

இதுக்கு தீர்வுன்னு சில பேரு முன் டிஃப கீழ எறக்கி பிராக்கெட் போடுவாங்க. சிவிக்கு நல்லதுதான், ஆனா அத செஞ்ச அன்னைக்கு தான் முன் ப்ரொப்ஷாஃப்ட் கோணம் மாறுது! அதுவரைக்கும் நல்லா இருந்தது அதுக்கப்பறம் 4எச்ல உதறும். எறக்கினா டிஃப முன்ன பின்ன சாய விடாம நேரா எறக்கணும், கோணத்த அளந்துட்டு முடுக்கணும்.

பின்னாடி கதை வேற. அது ஒரே ஆக்சில், கொயில் ஸ்பிரிங், மேலயும் கீழயும் ஆர்ம் புடிச்சிருக்கு. பாடி மேல போனா ஷாஃப்ட்டோட சாய்வு கூடும், அதோட ஆர்ம் நீளம் மாறாததால ஆக்சில் ஒரு வட்டத்துல எறங்கி பினியன் மூக்கு திரும்பும். ஸ்பேசர மட்டும் சொருகிட்டு விட்டா இந்த பினியன் கோணத்த யாரும் திருத்தல. என் சந்தேகம் முழுக்க அங்க தான்.

முன் ஷாஃப்ட்ட கழட்டி ஓட்டுறத பத்தி: பாக்குறதுக்காக ஒரு ரவுண்டு கழட்டி 2எச்ல ஓட்டலாம் தப்பில்ல, ஆனா மறந்தும் 4எச்ல போட்றாதீங்க, நடுவுல இருக்கிற டிஃபோட விஸ்கஸ் கப்ளிங் (கெட்டி ஆயிலால முன்னயும் பின்னயும் சேத்துப் பிடிக்கிறது) சும்மா சுத்தி சூடாகி கெட்டுப் போயிரும். ஷாஃப்ட்டு உள்ள சொருகுற டைப்பா இருந்தா ட்ரான்ஸ்ஃபர்ல இருந்து ஆயிலும் கொட்டும். குளிர்காலத்துல கொக்கஹல்லா ஏறுறவருக்கு 4எச் இல்லாம எதுக்கு இந்த வண்டி? நிரந்தரமா கழட்டுறது வேண்டவே வேண்டாம்.

சரே_வான்காரன்

ரெண்டு பேருக்கும் கோடி நன்றி, இவ்வளவு விளக்கமா ஒரு கராஜிலையும் சொன்னதில்லை. சனிக்கிழமை நண்பனோடை பாத்தனான்.

2எச், 4எச் ரெண்டிலையும் ஒரே உதறல். ஓவர்டிரைவை நிப்பாட்டியும் பாத்தாச்சு, அதே 90இலை தான் நிக்குது. போனிலை தரையிலை வைச்சுப் பாக்க 50க்குக் கிட்ட ஒரு சின்ன மேடு, ஆனால் மைக்கிலை பாக்கேக்கை நூறுக்குக் கொஞ்சம் மேலை பெரிய மேடு, கண்ணாலை பாத்தாலே தெரியுது எது பெரிசெண்டு. யோக் ரெண்டும் ஒரே தளத்திலை தான் இருக்கு.

பிறகு டிஜிட்டல் ஆங்கிள் கேஜ் வேண்டி, சமதரையிலை நாலு சில்லிலையும் பாரம் இருக்கேக்கை அளந்தனான். ட்ரான்ஸ்ஃபர் வெளியாலை வாற அச்சு பின்னுக்குப் போகப் போக 3 பாகை கீழை சாயுது. ஷாஃப்ட் 8.5 பாகை. பினியன் அச்சு 6 பாகை, மூக்கு மேலை பாக்குது. இதிலை எது பிழை?

கோவை_பேலன்சிங்

அருமையா அளந்திருக்கீங்க, இனி கணக்கு தானா வரும். முன் யூஜே கோணம் 8.5ல 3 போனா 5.5. பின் யூஜே 8.5ல 6 போனா 2.5. ரெண்டும் சமமா இருந்தா கழிஞ்சிருக்கும், இங்க பாதிக்கும் கம்மியா தான் பின்னாடி இருக்கு. ரெண்டையும் தனித்தனியா ஸ்கொயர் பண்ணி கழிச்சு ரூட் எடுங்க: 30.25ல 6.25 போனா 24, அதோட ரூட் 4.9. அதாவது உங்க வண்டி 4.9 பாகை கோணத்துல ஒத்த யூஜே போட்டு ஓடுற மாதிரி ஓடுது. இந்த மிச்சம் 3க்குள்ள இருந்தா தான் வண்டி சுகமா ஓடும். ட்ரான்ஸ்ஃபர் அச்சும் பினியன் அச்சும் ஒரு பாகைக்குள்ள இணையா வந்துட்டா மிச்சம் தானா குறைஞ்சிரும்.

அதனால பினியன் மூக்கை 6ல இருந்து 3 பக்கம் கீழ இறக்கணும். மூக்கு கீழ வரணும்னா ஆக்சிலோட அடிப்பக்கம் பின்னாடி போகணும், அதாவது கீழ் ஆர்ம் கொஞ்சம் நீளமாகணும், நீளம் மாத்துற ஆர்ம் கிடைச்சா அது தான் நல்ல வழி. கிடைக்கலன்னா லிஃப்டை குறைங்க. ஆனா பினியனை இறக்கினா பின் யூஜே கோணம் 5.5க்கு ஏறும், அதையும் தெரிஞ்சுக்குங்க, சமமா இருக்கறதால உதறாது, ஆனா ஜாயின்ட்டுக்கு வேலை கூட. அதனால ஸ்பேசரையும் பாதியாக்கிட்டு ஆர்மையும் சரி பண்ணீங்கன்னா ரெண்டுக்கும் நல்லது. ஒரேடியா கோணமே இல்லாம நேரா ஓடினாலும் கெடுதல் தானுங்க, நீடில் ரோலர் உருளாம ஒரே எடத்துல குத்தி குழி விழுந்துரும், ஒரு பாகையாவது இருக்கணும்.

அளக்கறதுக்கு முன்னாடி கியர்பாக்ஸ் மவுண்ட் ரப்பர் அமுங்கியிருக்கான்னு பாத்தீங்களா? வயசான வண்டி. அது உக்காந்துட்டா ட்ரான்ஸ்ஃபர் வால் இறங்கி முதல் கோணமே தப்பா நிக்கும், அப்புறம் தப்புக்கு ஏத்த மாதிரி பினியனை திருப்பி வச்ச கதையாயிரும்.

இப்ப அந்த 50 ஹெர்ட்ஸ் சின்ன மேட்டுக்கு வர்றேன். பேலன்ஸ் பண்ணியும் அது இருக்குன்னா எனக்கு அந்த புது யூஜே மேல தான் கண்ணு. ஜனங்க என்ன நினைக்கறாங்கன்னா வெயிட்டு ஒட்டறது தான் பேலன்சிங்னு. இல்லைங்க. கிராஸை யோக்குல நடுவுல உக்கார வைக்கிறது தான் பாதி வேலை. எட்டு கிலோ ஷாஃப்ட்டுன்னா ஒரு முனைக்கு நாலு கிலோ, அந்த முனை சென்டர்ல இருந்து வெறும் 0.1 மில்லிமீட்டர் விலகினாலே 400 கிராம் மில்லிமீட்டர், அதாவது 40 மில்லிமீட்டர் தூரத்துல 10 கிராம் ஒட்டின மாதிரி. அந்த 10 கிராம் 3000 ஆர்பிஎம்ல நாலு கிலோ பாரமா சுத்தி சுத்தி இழுக்கும், வேகம் ரெண்டு மடங்கானா இழுப்பு நாலு மடங்கு. பேலன்ஸ் தரத்துக்கு ஐஎஸ்ஓ கணக்குல சாதா ப்ரொப்பல்லர் ஷாஃப்ட்டுக்கு ஜி40, கொஞ்சம் நல்லா வேணும்னா ஜி16. ஜி16ன்னா உங்க ஷாஃப்ட்டு முழுசுக்கும் சேத்தே அந்த 400 தான் அனுமதி, ஒரு லாக் (கிராஸை யோக்குல நிறுத்திப் பிடிக்கிற வளையம்) தடிமன் மாறி போட்டாலே அது அங்கயே தீந்துரும். அதனால தான் நாங்க லாக்கை மைக்ரோமீட்டர்ல பாத்து ரெண்டு பக்கமும் சமமா போட்டு, டயல் கேஜ் வச்சு ஓட்டம் (சுத்தும்போது எவ்வளவு விலகுது) பாத்துட்டு தான் மெஷின்ல ஏத்துவோம். சில இடத்துல பழைய லாக்கையே தட்டி சொருகிட்டு வெயிட்டு வெல்டு அடிச்சு அனுப்பிடறாங்க, அது மெஷின்ல சரியா காட்டும், ஓடி கொஞ்சம் நாள்ல கிராஸ் நகந்து திரும்ப ஆட ஆரம்பிச்சிரும்.

கழட்டும்போது ஃப்ளேஞ்ச்சுக்கும் (ஷாஃப்ட்டை போல்ட் போடுற தட்டு) ஷாஃப்ட்டுக்கும் பெயிண்ட்ல கோடு போட்டுக்குங்க, அதே இடத்துல தான் திரும்ப மாட்டணும். மாட்டினப்ப அரை சுத்து திருப்பி மாட்டியிருந்தாலும் இந்த சின்ன மேடு வரும். கழட்டி 180 பாகை திருப்பி மாட்டி ஒரு ரவுண்டு ஓட்டிப் பாருங்க, செலவில்லாத சோதனை.

ஹட்டன்_எல்300

நான் ஹட்டன் பக்கம், எங்ககிட்ட இருக்கறது பழைய எல்300 டெலிகா 4 வீல். இத வாசிக்கிறவங்கள்ல எல்300காரங்களும் இருப்பீங்கன்னு தான் எழுதுறேன், ஏன்னா மேல சொன்னது எல்லாம் அப்படியே நம்ம வேனுக்கு பொருந்தாது.

எல்300ல பின்னாடி லீஃப் ஸ்பிரிங். அதனால பினியன் கோணத்த திருத்த ஆர்ம் எல்லாம் கிடையாது, ஸ்பிரிங்குக்கும் ஆக்சிலுக்கும் நடுவுல ஆப்பு மாதிரி சாய்வான தகடு வைக்கணும். கொயில் வண்டிக்கு அந்த தகட வாங்கிறாதீங்க, வைக்கறதுக்கு இடமே இல்ல. லீஃப் பழசாகி தளந்திருந்தா ஏத்தத்துல இழுக்கும்போது ஆக்சிலே முறுக்கி பினியன் மேல தூக்கும், நின்னா கோணம் சரி, இழுத்தா கோணம் தப்பு. தகடு வைக்கறதுக்கு முந்தி லீஃப் பட்டையையும் யூ போல்ட்டையும் பாருங்க.

அடுத்தது பெரிய விஷயம். எல்300ல 4எச்ன்னா முன்னுக்கும் பின்னுக்கும் நடுவுல டிஃபே இல்ல, கட்டி போட்ட மாதிரி. எங்க மலை ரோட்டுல வளைவுக்கு வளைவு முன் சில்லு அதிக தூரம் ஓடும், மண்ணுல சில்லு வழுக்கி சரியாகிடும், காஞ்ச தார் ரோட்டுல எங்க வழுக்கும்? ஷாஃப்ட்டு ரெண்டும் முறுக்கேறி நிக்கும், யூஜே, ட்ரான்ஸ்ஃபர் செயின், பினியன் எல்லாமே அந்த முறுக்கத் தாங்கணும். மழைக்காக 4எச் போட்டுட்டு மழை விட்டதும் மறந்து ஓட்டுறவங்க தான் ட்ரான்ஸ்ஃபர கழட்டுறாங்க. ஸ்பேஸ் கியர்லயும் 4எச்எல்சில (நடு டிஃப பூட்டுறது) போட்டா இதே கதி, சாதா 4எச்ல மட்டும் தான் தார் ரோட்டுல ஓடலாம்.

டயரும் அப்படித்தான். முன்னுக்கு புதுசு பின்னுக்கு தேஞ்சதுன்னு போட்டா ஆரத்துல 4 மில்லிமீட்டர் வித்தியாசம் வந்தாலே ஒரு சதம் மேல போயிரும். கோவை அண்ணன் கணக்குப்படி ஷாஃப்ட்டு ஒரு கிலோமீட்டருக்கு ரெண்டாயிரம் சுத்துக்கு மேல சுத்துது, ஒரு சதம்னா இருபது சுத்து. அந்த இருபது சுத்த நடுவுல எங்கயாவது வழுக்க வைக்கணும், சூப்பர் செலக்ட்ல விஸ்கஸ் கப்ளிங் வழுக்கும், எங்க வண்டில டயரு தேயும் இல்ல பல்லு தேயும். நாலும் ஒரே சைஸ், ஒரே தேய்மானம், ஒரே காத்து.

ஓட்டோ ஹப் (தானா பூட்டி விடுற முன் ஹப்) இருக்கறவங்க 2எச்சுக்கு மாத்தினதும் நிப்பாட்டி கொஞ்ச தூரம் ரிவர்ஸ் எடுங்க, அப்ப தான் ஹப் விடும். விடாம ஓட்டினா முன் ஷாஃப்ட்டும் முன் டிஃபும் சும்மாவே சுத்தி தேயுது. அதுக்காக வருஷக்கணக்கா 4 வீல் போடாமயும் இருக்காதீங்க, மாசத்துல ஒரு தடவ மண் ரோட்டுல கொஞ்ச தூரம் ஓட்டினா தான் உள்ள எண்ணெய் படும்.

சரே_வான்காரன்

எல்லாருக்கும் நன்றி, ஹட்டன் அண்ணைக்கும். வேலை முடிச்சுப்போட்டு எழுதுறன்.

கியர்பொக்ஸ் மவுண்ட்டைக் கழட்டிப் பாத்தால் ரப்பர் பிளந்து கிடந்தது. புதுசு போட்டதும் ட்ரான்ஸ்ஃபர் அச்சு 3இலை இருந்து 2.6க்கு வந்தது, அதைப் பாக்காமல் ஆர்மைத் திருப்பியிருந்தால் பிழையான இடத்திலை தான் நிப்பாட்டியிருப்பன். பின் ஸ்பேசரை 2 இஞ்சியிலை இருந்து 1 ஆக்கினது, முன் டோர்ஷன் பாரையும் அதுக்கேத்த மாதிரி இறக்கியாச்சு, சிவி கோணத்தைப் பாக்க இப்ப மனம் நிம்மதி. கீழ் ஆர்ம் நீளம் மாத்துறது போட்டுப் பினியனை 3க்குக் கொண்டுவந்தனான். முன் யூஜேயும் பின் யூஜேயும் இப்ப அரைப் பாகைக்குள்ளை சமன்.

நூறு ஹெர்ட்ஸிலை இருந்த அந்தப் பெரிய மேடு தேடித்தான் பாக்கோணும். ஏத்தத்திலை துள்ளுறதும் நிண்டிட்டுது. மெரிட் வரைக்கும் ஓடிப் பாத்தனான், பின் சீற்றிலை சின்னவன் நித்திரையாப் போனான், முந்தி அந்த உதறலிலை படுக்கவே மாட்டான்.

50இலை இருக்கிற சின்ன மேடு ஃப்ளேஞ்சைத் திருப்பி மாட்டக் கொஞ்சம் குறைஞ்சது, முழுசாப் போகேல்லை. டி-யிலை இருந்து ஆருக்குப் போடேக்கை வாற டொக்கும் இன்னும் கொஞ்சம் இருக்கு. பின் எண்ணெய்க் கசிவுக்கு சீல் மட்டும் மாத்தினால் காணுமோ? ஷாஃப்ட் ட்ரான்ஸ்ஃபருக்குள்ளை சொருகிற வகைதான், அதைக் கையாலை மேலை கீழை ஆட்டினால் லேசா ஆடுது.

கோவை_பேலன்சிங்

ஆடுதுன்னா சீல் மட்டும் பத்தாதுங்க, உள்ள யோக்கை தாங்குற புஷ் தேஞ்சிருக்கு. இத்தனை நாள் உதறினதை வாங்கிக்கிட்டது அது தான். புஷ் ஆடுற வரைக்கும் எத்தனை சீல் போட்டாலும் கசியும், அந்த 50 ஹெர்ட்ஸும் போகாது, ஏன்னா ஷாஃப்ட்டோட முன் முனை சென்டர்ல நிக்கவே இல்ல. புஷ்ஷையும் சீலையும் சேத்து மாத்துங்க. யோக்கோட வெளிப்பக்கத்துல சீல் உக்கார்ற எடத்துல விரலை ஓட்டிப் பாருங்க, பள்ளம் தட்டுப்பட்டா யோக்கும் போச்சு.

புஷ் மாத்தினதுக்கு அப்புறமும் மிச்சம் இருந்தா ஷாஃப்ட்டை ஒரு நல்ல லேத்துக்காரர்கிட்ட குடுத்து, பேலன்சிங் வேண்டாம், முதல்ல டயல் கேஜ்ல ஓட்டம் பாத்து சொல்லுங்கன்னு கேளுங்க. ட்யூப்ல ரெண்டு முனையிலயும் நடுவுலயும் மூணு எடத்து ரீடிங் எழுதி வாங்குங்க. அதை இங்க போடுங்க, லாக்கை எந்தப் பக்கம் மாத்தணும்னு நான் சொல்றேன்.

டொக் சத்தம் பல எடத்து ஆட்டம் சேந்து வர்றதுங்க. சில்லுக்கு கட்டை குடுத்துட்டு, நியூட்ரல்ல வச்சு ஷாஃப்ட்டை கையால திருப்பிப் பாருங்க, யூஜேல ஆட்டம் துளி கூட இருக்கக் கூடாது, இருந்தா புதுசுன்னாலும் மாத்துங்க. மிச்ச ஆட்டம் டிஃபுல இருக்கும், பழைய வண்டில கொஞ்சம் இருக்கறது சகஜம், ஆயிலை மாத்தி இரும்புத் தூள் எவ்வளவு வருதுன்னு பாத்து வைங்க. கிரீஸ் நிப்பிள் இருக்கிற யூஜேயா இருந்தா நாலு தொப்பிலயும் புது கிரீஸ் எட்டிப் பாக்கற வரைக்கும் அடிக்கணும், மூணுல வந்து ஒண்ணுல வரலன்னா அந்த ஒண்ணு தான் முதல்ல சாகும். உங்க ஊர் உப்பு ரோட்டுக்கு பனிக்காலம் முடிஞ்சதும் ஒரு தடவை, தொடங்கறதுக்கு முன்னாடி ஒரு தடவை கண்டிப்பா அடிச்சுருங்க.

சரே_வான்காரன்

புஷ்ஷும் சீலும் சேத்து ஓடர் பண்ணீட்டன் அண்ணை. யோக்கிலை விரலுக்குப் பள்ளம் தட்டுப்படேல்லை. டயல் கேஜ் ரீடிங் எடுத்ததும் மூண்டு இடத்துக் கணக்கையும் இஞ்சை போடுறன்.